உக்காழ்ச் சந்தை

தமிழில் சந்தை என்ற சொல் ஒன்று, அங்காடி என்ற சொல் மற்றொன்று. ஊர்ப்புறத்து வெளியில் குறித்த நாளில் கூடிக் கலைவது சந்தை. நிலையான கடைகள் வரிசையாக அமைந்தது அங்காடி. அந்த அங்காடியையும் பகலில் நடப்பது நாளங்காடி, இரவில் நடப்பது அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி பிரித்துப் பேசும். அரபு மொழியிலோ இவை எல்லாவற்றுக்கும் 'சூக்' என்ற ஒரே சொல்தான். சரக்கை ஒட்டகத்தின்மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு வருவதால் ஓட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அச்சொல் பிறந்தது என்று அரபு அகராதிக்காரர்கள் கூறினர். இக்கால மொழியறிஞர்களோ, தெரு என்னும் பொருளில் அராமிய மொழியில் வழங்கிய சொல்லே அது என்கின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய சொற்கள் தொல்லையும் தருவன, இன்பமும் தருவன. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட சூக்கிற்குச் சந்தை என்ற பெயரே பொருந்தும். அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை, ஆண்டில் இருபது நாள் கூட்டம், மற்ற நாட்களில் வெறும் மணல்வெளி. அதன் பெயர் உக்காழ்.

மக்காவுக்குக் கிழக்கே, தாயிப் நகருக்கும் நக்லாப் பள்ளத்தாக்குக்கும் இடையே, உக்காழ் என்னும் சமவெளி இருக்கிறது. தாயிப்பிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பழைய பூகோள ஆசிரியர்கள் தூரத்தை நாள் கணக்கில் அளந்தனர். மக்காவிலிருந்து மூன்று நாட்பயணம், தாயிப்பிலிருந்து ஒரு நாட்பயணம் என்று எழுதிவைத்தனர். பேரீந்து மரங்களும் நீரும் உள்ள இடம். வந்தவர்கள் வலம்வந்து வழிபட்ட பாறைகளும் அங்கே இருந்தன. இஸ்லாம் தோன்றுவதற்கு முந்திய அந்தக் காலத்தில் வழிபாடும் வாணிபமும் ஒரே தடத்தில் நடந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அரபு நாட்டில் உக்காழ் ஒன்றுதான் சந்தை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஆண்டு முழுவதும் தீபகற்பத்தைச் சுற்றிவரும் சந்தைகளின் தொடர் ஒன்று இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் புகழ்பெற்றிருந்த இப்னு ஹபீப் என்ற அறிஞர், 'அல்-முஹப்பர்' என்னும் தமது நூலில் அத்தொடரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். அந்த நூல் முதன்முதலாக அச்சேறியது எங்கே தெரியுமா? நமது ஐதராபாத்தில்! 1942-ஆம் ஆண்டு, அங்குள்ள தாயிரத்துல் மஆரிப் என்ற பதிப்பு நிலையம் அதை வெளியிட்டது. அரபு உலகத்துப் பழம் சுவடிகள் பலவற்றுக்குத் தக்காணத்தில் அச்சு வாழ்வு கிடைத்தது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

இப்னு ஹபீப் காட்டும் வழியே நாமும் சற்று நடந்து பார்ப்போம். வடக்கே, சிரியப் பாதையில் உள்ள தூமத்துல் ஜந்தல் என்னும் பாலைவனச் சோலையில் முதற் சந்தை கூடும். அடுத்து கிழக்குக் கரையை ஒட்டிய ஹஜர் நாட்டில் முஷக்கர். பிறகு ஓமானில் சுஹார், அதற்கடுத்து தபா. தபாத் துறைமுகத்துக்குச் சிந்து, இந்தியா, சீனம் ஆகிய நாடுகளின் வணிகர்கள் கப்பலேறி வந்தனர் என்று அந்நூல் தெளிவாகவே கூறுகிறது. பிறகு தென்கரையில் ஷிஹ்ர், ஏடன், மலைமேல் ஸன்ஆ, முடிவில் வடமேற்கே திரும்பி உக்காழ். ஏடனில் கூட்டிய நறுமணப் பொருளுக்கு அந்நாளில் பெரும் மதிப்பு. கடல் வணிகர்கள் அதனை வாங்கிச் சிந்துக்கும் இந்தியாவுக்கும் கொண்டுபோய்ப் பெருமையுடன் விற்றனராம். நறுமணத்துக்குப் பெயர்போன நம் நாட்டுக்கு அவர்கள் நறுமணம் விற்றார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் கெட்டிக்காரன்தான்.

ஒவ்வொரு சந்தையிலும் பேரம் பேசும் முறை வேறு. தூமத்துல் ஜந்தலில் கல் எறிந்து வாங்கினார்கள். ஒரு சரக்கைச் சுற்றிப் பலர் நின்று விலை கேட்பர், எவனுக்கு விலை சம்மதமோ அவன் கையிலிருக்கும் கல்லைப் போடுவான், வியாபாரம் முடிந்தது. பலர் ஒரே சமயத்தில் கல்லைப் போட்டுவிட்டால், மனமில்லாவிட்டாலும் கூட்டாகவே அச்சரக்கை ஏற்கவேண்டும். வாங்குபவர்கள் முன்னதாகவே தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகக் கல்லெறிந்து விற்பவனை நஷ்டப்படுத்துவதும் உண்டு. ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையைக் குறைக்கும் தந்திரம் நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று யாரேனும் நினைத்திருந்தால், அந்தப் பெருமையை அரபு நாட்டுப் பழையவர்களுக்கே விட்டுவிடலாம். முஷக்கரில் இதற்கு நேர்மாறான பழக்கம். அங்கே வாய் திறவாமல் சைகையாலேயே விலை பேசி முடிப்பர். இல்லையேல் வாய்க்குள் முணுமுணுப்பர். உரத்த குரலில் பேரம் பேசினால் பொய்ச் சத்தியம் செய்ய நேரிடும் என்ற அச்சமே காரணமாம். பிற்காலத்தில் இஸ்லாமியச் சட்டம், கல்லெறிந்து விற்பதையும், தொட்டவுடன் பொருள் வாங்கியதாகும் என்று விற்பதையும் தடை செய்தது. வாங்குபவன் பொருளைப் பார்த்து, அறிந்து, மனமொப்பி வாங்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து.

இந்தச் சந்தைகள் பலவற்றுக்கு உடையவர் உண்டு. தூமத்துல் ஜந்தலில் அவ்விடத்து அரசன் வரி வாங்கினான். ஓமானில் ஜுலந்தா மரபினர் பத்தில் ஒரு பங்கு வாங்கினர். ஏடனில் பாரசீக வழிவந்தோர் வாங்கினர். உக்காழிலோ வரி வாங்குவார் இல்லை. அரசன் இல்லை, காவற்படை இல்லை, சுங்கச்சாவடி இல்லை. அப்படியானால், ஒருவர்மீது ஒருவர் பழி வைத்திருந்த நூறு குலத்தார் அந்த வெட்டவெளியில் இருபது நாள் எப்படி ஒன்றாகத் தங்கினார்கள்? உக்காழின் வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது இந்தக் கேள்வியே.

அதற்கு முதற் காரணம் காலம். அரபு ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் நான்கு புனித மாதங்கள். அவற்றில் போர் செய்யலாகாது, பழி வாங்கலாகாது. தந்தையைக் கொன்றவனை எதிரில் கண்டாலும் கைவைக்கலாகாது என்பது வழக்கம். அவற்றுள் மூன்று மாதங்கள் தொடர்ந்து வருவன: துல்கஅதா, துல்ஹஜ், முஹர்ரம். துல்கஅதா முதல் நாள் உக்காழ் கூடும் என்று மக்காவின் வரலாற்றை எழுதிய அஸ்ரகீ கூறுகிறார். இருபது நாள் சென்றபின் கூட்டம் மஜன்னா என்ற இடத்துக்கு நகரும். அங்கே பத்து நாள். துல்ஹஜ் பிறை கண்டதும் துல்மஜாஸ். அங்கே எட்டு நாள். அதன்பிறகு அரபாத் வெளியும் ஹஜ் வழிபாடும். சந்தையிலிருந்து சந்தைக்கு நகர்ந்து, நகர்ந்து, வணிகன் யாத்திரிகனாகிவிடுவான். ஊர் திரும்பவும் முஹர்ரம் மாதம் பாதுகாப்பாக இருந்தது.

இனிச் சந்தைக்குள் நுழைவோம். கண்ணுக்கு முதலில் படுவது தோல். தாயிப் மலைப்பகுதியில் பதப்படுத்திய தோல் பெயர்பெற்றது. 'உக்காழ்த் தோல்' என்று பொருளுக்கே இடத்தின் பெயர் அமைந்தது. நமது காஞ்சிபுரம் பட்டைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயிப்பின் உலர்ந்த திராட்சை ஒரு பக்கம். யமன் நாட்டுக் கோடிட்ட மேலாடைகள் ஒரு பக்கம். நெய், தேன், மது, வாசனைப் பொருள்கள், ஒட்டகங்கள். வாள் வேண்டுவோருக்கு வாள். நல்ல வாளுக்கு அரபுக் கவிஞர்கள் வைத்த பெயர் 'முஹன்னத்'. இந்திய நாட்டு இரும்பால் ஆனது என்பது அதன் பொருள். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த எஃகு மேலை நாடுகளில் புகழ்பெற்றிருந்தது வரலாறு அறிந்த செய்தி. மிளகும் அவர்கள் அறிந்த பண்டமே. இம்ருல் கைஸ் என்ற பெருங்கவிஞர், காதலி விட்டுப்போன பாழிடத்தில் மான்களின் புழுக்கை சிதறிக் கிடப்பதை மிளகுமணிகளுக்கு ஒப்பிட்டார். மேலைக் கடற்கரையில் விளைந்த பொருள் பாலைவனக் கவிஞருக்கு உவமையாயிற்று என்றால், அது எத்தனை கை மாறி அங்குப் போயிருக்கவேண்டும்!

ஆனால் அச்சந்தையில் விற்ற பொருள்கள் எல்லாம் இவ்வளவு இனிமையானவை அல்ல. மனிதரும் விற்கப்பட்டனர். கல்ப் குலத்தைச் சேர்ந்த ஸைத் என்ற சிறுவன், தாயோடு அவள் பிறந்த வீட்டாரைப் பார்க்கச் சென்றபோது கொள்ளைக் குதிரைவீரர்களால் பிடிபட்டான். உக்காழுக்குக் கொண்டுவந்து அவனை விலை கூறினார்கள். மக்கா வணிகரான ஹகீம் இப்னு ஹிஸாம் தம் அத்தை கதீஜாவுக்காக 400 திர்ஹம் கொடுத்து அவனை வாங்கினார் என்று நூல்கள் குறிக்கின்றன. நபிகள் நாயகத்தை மணந்தபின் கதீஜா அம்மையார் அவனை அவருக்கு அளித்தார். மகனைக் காணாத தந்தை புலம்பித் திரிந்து, கடைசியில் செய்தி அறிந்து, மீட்புப் பணத்துடன் மக்காவுக்கு வந்துசேர்ந்தார். செல்வதும் இருப்பதும் உன் விருப்பம் என்று நபிகள் கூற, ஸைத் அவரிடமே இருக்க விரும்பினான். அன்றே அடிமைத்தளை நீங்கி வளர்ப்பு மகனானான். நபித்தோழர்களுள் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே மனிதர் அவர்தாம். கி.பி. 629-இல் மூத்தா என்ற போரில் படைத்தலைவராக நின்று உயிர்நீத்தார். இது நற்பேறு பெற்ற ஒருவரின் கதை. அதே மணலில் அவர் பக்கத்தில் நின்று விலைபோன மற்றச் சிறுவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

காலத்தின் புனிதம் மட்டும் போதுமா? வாள் இடையில் இருக்கும்போது நாக்கு அதிகம் பேசும். ஆகவே வேறோர் ஏற்பாடும் இருந்தது. சந்தைக்கு வருவோர் தம் ஆயுதங்களை மக்காவின் பெரும் வணிகரான அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரிடம் ஒப்படைத்துவிடுவர். சந்தையும் ஹஜ்ஜும் முடிந்தபின் திரும்பப் பெற்றுக்கொள்வர். ரசீது கிடையாது, எழுத்துக் கிடையாது. ஒரு மனிதரின் நாணயமே பிணை. அந்த நாணயத்துக்குச் சோதனை வந்த வரலாற்றைப் பத்தாம் நூற்றாண்டில் இஸ்பஹானீ தொகுத்த 'அகானீ' என்னும் பெருநூல் சொல்கிறது.

ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இராக்கின் எல்லையில் ஹீரா நகரத்தில் மூன்றாம் நுஃமான் ஆண்டுகொண்டிருந்தான். அவன் ஆண்டுதோறும் கத்தூரியும் வாசனைப் பொருள்களும் ஏற்றிய ஒட்டகச் சாத்து ஒன்றை உக்காழுக்கு அனுப்பி, விற்ற பணத்தில் தோலும் யமன் நாட்டுத் துணியும் வாங்கிவரச் செய்வான். வழிநெடுகிலும் வெவ்வேறு குலத்தாரின் நிலம். சாத்துக்குத் துணைபோகத் தக்க ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை ஹவாஸின் குலக்கூட்டத்தைச் சேர்ந்த உர்வா ஏற்றான். கினானாக் குலத்தில் பிறந்து, அடாத செயல்களால் சொந்த மக்களாலேயே விலக்கப்பட்ட பர்ராத் என்பவன் அதே வேலையைக் கேட்டிருந்தான். உர்வா அவனை அவையில் இழித்துப் பேசினான். பர்ராத் சாத்தின் பின்னாலேயே சென்று, தக்க சமயம் பார்த்து, புனித மாதத்திலேயே உர்வாவைக் கொன்று, ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

செய்தி உக்காழுக்கு இரகசியமாக வந்தது. குறைஷியர் கினானாவின் கிளையினர். பழி தங்கள்மேலும் விழும் என்பதை உணர்ந்தனர். ஹவாஸின் கூட்டத்தார் அதே சந்தையில் அடுத்த கூடாரங்களில் இருந்தார்கள், இன்னும் ஒன்றும் அறியாமல். குறைஷித் தலைவருள் ஒருவரான ஹர்ப், இப்னு ஜுத்ஆனிடம் வந்து, ஹவாஸின் ஒப்படைத்த ஆயுதங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்றார். தம் குலத்தாரின் உயிர் ஊசலாடும் நேரம். இப்னு ஜுத்ஆன் மறுத்துவிட்டார். நம்பிக்கைத் துரோகம் செய்யச் சொல்கிறாயா என்று கேட்டு, அந்த வாள்களும் வேல்களும் தம்மீதே பாயும் என்று தெரிந்தாலும் ஒன்றைக்கூட நிறுத்திவைக்கமாட்டேன் என்று கூறி, உரியவர்களிடம் உரிய ஆயுதங்களைக் கொடுத்தனுப்பினார். இவர் குறையற்ற சான்றோர் அல்லர். அடிமை வாணிபத்திலும் பொருள் ஈட்டினார் என்று நூல்கள் சொல்கின்றன. ஆயினும் அந்த ஒரு நாளில் அவர் செய்ததைப் படிக்கும்போது, அரசன் இல்லாத சந்தை எதன்மேல் நின்றது என்பது விளங்குகிறது.

குறைஷியர் மக்காவை நோக்கி விரைந்தனர். ஹவாஸின் பின்தொடர்ந்து நக்லாவில் எட்டிப்பிடித்தனர். இருள் சூழும்வரை போர். குறைஷியர் புனித எல்லைக்குள் புகுந்ததும் ஹவாஸின் நின்றுவிட்டனர். அந்தக் கோட்டைத் தாண்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு உக்காழில் சந்திப்போம் என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினர். சொன்னபடியே சந்தித்தனர்; சில ஆண்டுகள் இது நீடித்தது. புனிதத்தை மீறிய போர் என்ற பொருளில் அதற்குப் 'பிஜார்' என்று பெயர். இளமைப் பருவத்தில் இருந்த நபிகள் நாயகமும், எதிரிகள் எய்த அம்புகளைப் பொறுக்கித் தம் சிறிய தந்தையர், பெரிய தந்தையரிடம் கொடுத்ததாக வரலாறு உண்டு. முடிவில் இருபக்கத்துப் பிணங்களையும் எண்ணிப் பார்த்து, அதிகம் இழந்த பக்கத்துக்கு மிகுதிப்பட்ட உயிர்களுக்கான ஈட்டுத்தொகை கொடுப்பதென்று சமாதானம் ஆயிற்று. கணக்கு வழக்கில் தேர்ந்த வணிகர்கள் போரையும் கணக்குப் பார்த்தே முடித்தார்கள்!

இந்தப் போருக்குப் பின், மக்காவில் அதே இப்னு ஜுத்ஆன் வீட்டில் ஓர் உடன்படிக்கை நடந்தது. யமனிலிருந்து வந்த அயலூர் வணிகன் ஒருவனிடம் சரக்கை வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பணம் தர மறுத்ததே காரணம். அநீதிக்குள்ளானவன் யாராயினும், எந்த ஊரானாயினும், அவன் பக்கம் நிற்போம் என்று சில குடும்பத்தார் சத்தியம் செய்தனர். நபிகள் நாயகம் அதில் கலந்துகொண்டார். பிற்காலத்திலும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்.

உக்காழில் வழக்குகளும் தீர்ந்தன. தமீம் குலத்தார் நடுவராக இருந்தனர். ஊரறியச் செய்யவேண்டிய அறிவிப்புகளும் அங்கேதான். ஒரு குலம் தன் ஆள் ஒருவனை விலக்கிவைத்தால், இனி அவன் செய்யும் குற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்லோம், அவனைக் கொன்றாலும் பழி கேட்கமாட்டோம் என்று சந்தைக்கூட்டத்தில் கூவிச் சொல்லும். நாளிதழில் விளம்பரம் செய்வதற்கு அக்காலத்தில் வேறு வழி ஏது? பெருவீரர்கள் முகத்தை மூடிக்கொண்டு உலவினர். புனித மாதம் முடிந்தபின் தம்மைத் தேடிப் பிடிக்க எதிரிக்கு அடையாளம் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம். தமீம் வீரன் தரீப் என்பவன் மட்டும் இதனைக் கோழைத்தனம் என்று கருதித் திறந்த முகத்தோடு வந்தான். பகைக்குலத்து ஆள் ஒருவன் அவனையே உற்றுப் பார்த்தான். ஏன் பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, போரில் கண்டால் தவறவிடக்கூடாது என்றுதான் என்று விடை வந்தது. சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னொரு போரில் அந்த ஆள் தரீபைக் கண்டு கொன்றான்.

உக்காழ் என்றால் அரபு இலக்கியம் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கவிதை. நாபிகா என்ற முதுபெரும் புலவருக்குச் சிவந்த தோலால் கூடாரம் அமைப்பர். கவிஞர்கள் அவர்முன் பாடித் தீர்ப்பு வேண்டுவர். ஒருமுறை அஃஷா பாடினார். பின் கன்ஸா என்ற பெண்பாற் புலவர் பாடினார். அஃஷா முன்னரே பாடியிராவிட்டால் உன்னையே முதல்வர் என்றிருப்பேன் என்று நாபிகா கூறினார். ஹஸ்ஸான் இப்னு தாபித்துக்குக் கோபம். நான் உங்கள் இருவரினும் சிறந்தவன் என்றார். அவர் தம் குலத்தாரின் விருந்துத் தட்டுகளையும் வாள்களையும் புகழ்ந்து பாடிய பாட்டுக்கு வந்த கண்டனத்தை மொழிபெயர்ப்பாளர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். அரபு மொழியில் பன்மை இரண்டு வகை: மூன்று முதல் பத்து வரைக்கும் ஒன்று, அதற்கு மேற்பட்டதற்கு ஒன்று. பெருமை பேச வந்தவர் தட்டுகளுக்கும் வாள்களுக்கும் சிறுபன்மையைப் போட்டுவிட்டார். தட்டுகள் முற்பகலில் மின்னுகின்றன என்றார். விருந்தினர் மிகுதியாக வருவது இரவில் அல்லவா? வாள்களிலிருந்து குருதி சொட்டுகிறது என்றார். வீரன் வாளில் குருதி பாயவேண்டாமா? இந்தக் கதை பிற்காலத்து இலக்கண ஆசிரியர்கள் கட்டியதாக இருக்கலாம் என்று ஐயுறும் அறிஞர்கள் உண்டு. எனக்கும் அந்த ஐயம் நியாயமாகவே தோன்றுகிறது. உக்காழில் வென்ற பாடல்களைப் பொன்னெழுத்தில் பொறித்துக் கஅபாவில் தொங்கவிட்டனர் என்ற கதையையும் இன்றைய ஆராய்ச்சியாளர்களிற் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால் அங்கே பாட்டு ஒலித்தது, பல குலத்தாரும் கேட்டு வாய்மொழியாகச் சுமந்து சென்றனர் என்பதில் ஐயமில்லை. வெவ்வேறு பேச்சுவழக்குகளுக்குப் பொதுவான ஒரு செய்யுள் மொழி வளர்வதற்கு இத்தகைய கூட்டங்கள் உதவின.

கன்ஸாவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். ஸக்ர், முஆவியா என்ற தம் சகோதரர் இருவரையும் போரில் பறிகொடுத்தவர் அவர். ஆண்டுதோறும் தம் ஒட்டகத்தின் சிவிகைக்கு அடையாளமிட்டு உக்காழுக்கு வந்து, அரபு மக்களிலேயே பெருந்துயருக்கு உரியவள் நான் என்று பாடி அழுவார். கி.பி. 624-இல் பத்ருப் போர் நடந்தது. குறைஷிப் பெண்மணி ஹிந்த் ஒரே நாளில் தந்தை, சிறிய தந்தை, சகோதரன் மூவரையும் இழந்தாள். அவளும் தன் சிவிகைக்கு அடையாளமிட்டு உக்காழுக்குச் சென்று, என் ஒட்டகத்தைக் கன்ஸாவின் ஒட்டகத்தருகே கொண்டுபோங்கள் என்றாள். நீ யாரை இழந்தாய், நான் யாரை இழந்தேன் என்று இரு பெண்களும் அச்சந்தை நடுவே மாறி மாறிப் பாடினராம். தோலும் திராட்சையும் விலைபேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்தியிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

மக்காவில் ஏற்பாரின்றி வருந்திய ஆண்டுகளில் நபிகள் நாயகம் உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகிய மூன்று சந்தைகளுக்கும் சென்று, குலம் குலமாக மக்களைச் சந்தித்துத் தம் செய்தியைக் கூறினார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான அபூலஹபே பின்னால் வந்து, கேளாதீர்கள் என்று கூறிவந்தார் என்பது வரலாறு. சந்தை அனைவருக்கும் திறந்த இடம்; மறுப்பவனுக்கும் அதில் இடம் உண்டு.

இஸ்லாம் நிலைபெற்றபின், பழைய வழிபாட்டோடு ஒட்டியிருந்த இச்சந்தைகளில் ஹஜ் காலத்தில் வாணிபம் செய்யலாமா என்று முஸ்லிம்கள் தயங்கினர். இறைவனின் அருளைத் தேடிப் பொருளீட்டுவது குற்றமாகாது என்ற குர்ஆன் வசனம் அப்போதுதான் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் விளக்கினார். ஆகவே சந்தை தொடர்ந்தது. ஆனால் அதன் உயிர்நாடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஆட்சி ஒன்று ஏற்பட்டுவிட்ட நாட்டில் பழிக்கு அஞ்சிப் புனித மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வணிகர்கள் டமாஸ்கஸுக்கும் கூபாவுக்கும் பஸ்ராவுக்கும் போனார்கள், கவிஞர்களும் போனார்கள். பஸ்ராவின் மேற்கு ஓரத்தில் ஒட்டகச் சந்தையாக இருந்த மிர்பத் என்னும் வெளி, ஜரீரும் பரஸ்தக்கும் ஒருவரையொருவர் வசைபாடி மோதிக்கொண்ட அரங்கமாயிற்று. ஹிஜ்ரி 129-இல், அதாவது கி.பி. 747-ஐ ஒட்டி, கவாரிஜ் தலைவர் அபூஹம்ஸா மக்காவுக்குள் படையுடன் வந்தார். கொள்ளைக்கு அஞ்சி உக்காழைக் கைவிட்டனர். பிறகு அது கூடவேயில்லை. மஜன்னாவும் துல்மஜாஸும் பின்னர் மறைந்தன. மக்கா, மினா, அரபாத் ஆகிய இடங்களின் கடைவீதிகளே போதும் என்றாயிற்று. படைவரவு கடைசி அடி. மரம் அதற்கு முன்னரே உள்ளீடற்றுப் போயிருந்தது என்பது என் கருத்து.

திறந்தவெளிச் சந்தை என்னும் கொள்கை மட்டும் மடியவில்லை. மதீனாவில் நபிகள் நாயகம் ஒரு வெளியைத் தேர்ந்து, இது உங்கள் சந்தை, இதில் உங்கள்மீது வரி கிடையாது என்று அறிவித்தார். அங்கே கட்டடம் எழுப்புவதற்கில்லை. நிரந்தர இடம் யாருக்கும் இல்லை. சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே விதி, முதலில் வந்து அமர்ந்தவனுக்கு அன்றைய பொழுது முடியும்வரை அந்த இடம் என்று கலீபா உமர் வகுத்தார். நூறாண்டு கழித்து உமையாக் கலீபா ஹிஷாம் காலத்தில் அந்த வெளியில் பெருங்கட்டடம் எழுப்பி, கடைகளை வாடகைக்கு விட்டனர். கி.பி. 743-இல் ஹிஷாம் இறந்த செய்தி வந்ததும் மதீனா மக்கள் அக்கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள்.

உக்காழ் வெளிக்கும் மீண்டும் ஒரு காலம் வந்தது. சவூதி அரசு 2007-ஆம் ஆண்டு தாயிப்புக்கு அருகே அதே பெயரில் விழா ஒன்றைத் தொடங்கிற்று. நடிகர்கள் பழங்கால உடையில் ஒட்டகமேறிக் கவிதை சொன்னார்கள். இன்றைய கவிஞர்களுக்குப் பரிசு தந்தார்கள். அது பார்வையாளருக்கான விழா. பிழைப்புக்காகக் கூடும் சந்தையைப் பார்க்க விரும்புவோர் வேறிடம் செல்லவேண்டும். தென்மேற்கே அசீர் மலைநாட்டில் ஊர்ப்பெயர்களே சந்தை நாளைச் சொல்லும். கமீஸ் முஷைத் என்றால் முஷைத்தின் வியாழக்கிழமை என்று பொருள். அஹத் ருபைதா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். அந்த மலைப்பகுதிகளில் சந்தை நாளன்று பழி தீர்க்கலாகாது என்பதும், மீறினால் சந்தைக்கு உரிய குலம் தண்டிக்கும் என்பதும் நெடுநாள் நிலவிய வழக்கம். ஓமானில் நிஸ்வாக் கோட்டையின் அருகே வெள்ளிக்கிழமை தோறும் விடியற்காலையில் ஆட்டுச் சந்தை கூடுகிறது. விற்பவர்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிவருவார்கள். வாங்குபவர்கள் இருமருங்கும் நின்று, கைகாட்டி நிறுத்தி, பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, விலை கேட்பார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு அழைப்பு வருமுன் அந்த இடம் காலியாகிவிடும்.